பிக் பிளாக் கார்வெட்: தேர்ந்தெடுப்பது முதல் ஓட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 1965 முதல் 1974 வரை தன் கார்வெட் காரில் 'பிக் பிளாக்' எனப்படும் பெரிய வி8 எஞ்சினையும் பொருத்தி விற்றது. 1965-இல் 396 கன அங்குலமாக (6.5 லிட்டர்) இருந்த அந்த எஞ்சின், 1966-இல் 427 கன அங்குலமாகவும் (7 லிட்டர்), 1970-இல் 454 கன அங்குலமாகவும் (7.4 லிட்டர்) வளர்ந்தது. இத்தனை பெரிய இரும்பு எஞ்சினைச் சுமந்தது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே வெறும் 98 அங்குலமே உள்ள, ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட, இரண்டே பேர் அமரக்கூடிய ஒரு சிறிய கார். இந்த எஞ்சினின் உந்துவிசையைக் காலடியில் ஒருமுறை உணர்ந்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

காரை மூடிப் போர்த்தி வைக்காமல், சாலையில் ஓட்டுவதற்காகவே வாங்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் தொடக்கம் முதல் கடைசி வரை நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான்: இந்தக் காரில் சக்தி ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. ஆகவே உங்கள் பணமும் நேரமும் முதலில் துருவற்ற சேஸிஸ், பிரேக், எஞ்சினின் குளிர்ச்சி, டயர் ஆகியவற்றுக்கே போக வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதல் வேலையாகப் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பெரிதாகவும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைப் புதிதாகவும் வாங்குபவர்கள், சில மாதங்களில் காரை ஓட்டுவதையே விட்டுவிடுவதைப் பார்க்கலாம்.

முதல் படி: எந்த ஆண்டு, எந்த எஞ்சின்

1963 முதல் 1967 வரை வந்த 'ஸ்டிங் ரே' இரண்டாம் தலைமுறை. 1968 முதல் 1982 வரை வந்தது மூன்றாம் தலைமுறை. வெளித்தோற்றம் முற்றிலும் வேறாக இருந்தாலும் இரண்டின் அடித்தளமும் ஏறத்தாழ ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பின்புறம் குறுக்காகக் கிடக்கும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங், 1965 முதல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. ஆகவே ஓட்டும் அனுபவத்தைத் தேடுபவர், விலை மிக உயர்ந்துவிட்ட 1967 மாடலைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 1969 அல்லது 1971 மாடல் அதே அனுபவத்தைக் குறைந்த விலையில் தரும்.

எஞ்சின் தேர்வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 427 எஞ்சின் 390 குதிரைத்திறனிலும், மூன்று கார்புரேட்டர்களுடன் 435 குதிரைத்திறனிலும் கிடைத்தது. 435-இல் இருப்பவை ஹைட்ராலிக் அல்லாத டேப்பெட்டுகள் (கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் உறுப்புகள்). அவற்றின் இடைவெளியை அவ்வப்போது திறந்து சரிபார்க்க வேண்டும், அமுக்க விகிதமும் (சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்ற அளவு; இது கூடக் கூட உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் வேண்டும்) 11-க்கு 1. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட எல்88 எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 12.5-க்கு 1, 1967 முதல் 1969 வரையிலான மூன்று ஆண்டுகளில் அந்த எஞ்சினோடு வெளிவந்தவை மொத்தம் 216 கார்கள். அது இன்று பங்க் பெட்ரோலில் ஓடவே ஓடாது. ஹைட்ராலிக் டேப்பெட் கொண்ட 390 குதிரைத்திறன் 427, அல்லது 454-இன் எல்எஸ்5 வகை, இவ்விரண்டில் ஒன்றையே பரிந்துரைப்பேன். 390-இன் அமுக்க விகிதம் 10.25-க்கு 1, அதற்கு அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 91 அல்லது 93 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போதும். 1971 முதல் வந்த எல்எஸ்5-இன் விகிதம் 8.5-க்கு 1 என்பதால் அது சாதாரண பெட்ரோலையே ஏற்றுக்கொள்ளும்.

குதிரைத்திறன் எண்களை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 1970-இல் 390 என்று எழுதப்பட்ட 454 எஞ்சின், 1972-இல் 270 என்று எழுதப்பட்டது. இதில் ஒரு பகுதி உண்மையான குறைவு. குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக 1971-இல் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். மறு பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. முன்பு விசிறி, காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவை இல்லாமல் வெறும் எஞ்சினை அளந்தவர்கள், 1972 முதல் அவை அனைத்தையும் பொருத்தி அளந்தார்கள். எண்ணைப் பார்த்து 1972 காரை ஒதுக்கிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: துருவைத் தேடுதல்

ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அந்த உடல் அமர்ந்திருக்கும் சேஸிஸ் இரும்பு. முன் கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் தாங்கி உடலுக்குள் மறைந்திருக்கும் எலும்புக்கூடும் இரும்பு. கார்வெட் வட்டாரத்தில் அந்த எலும்புக்கூட்டை 'பேர்ட்கேஜ்' என்பார்கள். பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் இவ்விரண்டும் அரித்துப்போன கார்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. மிச்சிகன், ஒஹாயோ போலக் குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு தூவும் மாநிலங்களில் ஓடிய கார்களில் இந்த ஆபத்து மிக அதிகம். எஞ்சின் கெட்டால் மாற்றிவிடலாம், கியர்பாக்ஸ் கெட்டால் மாற்றிவிடலாம். பேர்ட்கேஜ் துருப்பிடித்தால் உடலையே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும், அதற்கு ஆகும் செலவில் வேறு நல்ல கார் வாங்கிவிடலாம்.

காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பின், சேஸிஸ் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி வளையும் இடத்தை முதலில் பாருங்கள். மண்ணும் ஈரமும் சேஸிஸ் குழலுக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும் இடம் அதுதான். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பின் ஒலி மந்தமாக இருக்கும். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் தடித்துப் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அடுத்து, உடலைச் சேஸிஸுடன் பிணைக்கும் மவுண்டுகளின் சுற்றுப்புறத்தைப் பாருங்கள்.

பேர்ட்கேஜைப் பார்க்க, இருக்கைகளுக்கு முன்னால் கால் வைக்கும் பகுதியில் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தகடுகளைக் கழற்றி, டார்ச் விளக்கடித்துத் தூணின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள அலங்காரப் பட்டையின் ஓரத்தில் துருக்கறை வடிந்திருக்கிறதா, தரைக் கம்பளம் ஈரமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 1968 முதல் வந்த, கழற்றக்கூடிய கூரைப் பலகைகள் கொண்ட கூப்பேக்களில் மழைநீர் கசிவது சாதாரணம். கசிந்த நீர் போய்ச் சேரும் இடம் இந்தத் தூண்களின் அடிதான்.

ஃபைபர் கிளாஸில் விபத்துப் பழுதைக் கண்டுபிடிக்க, சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்து, பலகைகளின் உட்புறத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்த பலகைக்கு இருபுறமும் வழவழப்பாக இருக்கும். உட்புறத்தில் நார்ப்பாய் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் அது பின்னாளில் கையால் ஒட்டப்பட்டது. அது மட்டுமே காரை நிராகரிக்கக் காரணமாகாது. விலை பேசும்போது பயன்படும்.

மூன்றாம் படி: எண்களைப் படித்தல்

1971 வரையிலான வாகன அடையாள எண்ணில், கார் எந்த எஞ்சினோடு பிறந்தது என்ற தகவல் கிடையாது. 19467 என்று தொடங்கினால் திறந்த கூரை, 19437 என்றால் கூப்பே. அவ்வளவுதான் அந்த எண் சொல்லும். 1972 முதல்தான் ஐந்தாவது குறியீடு எஞ்சினைக் குறித்தது. இதனால் சிறிய எஞ்சினோடு பிறந்த காரில் பின்னாளில் பிக் பிளாக்கைப் பொருத்தி, அசல் என்று விற்பது எளிதாகிவிட்டது.

எஞ்சின் பிளாக்கில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் தட்டையான மேடையில் எஞ்சினின் குறியீடும், காரின் வரிசை எண்ணும் குத்தப்பட்டிருக்கும். அந்த மேடையில் தொழிற்சாலைக் கருவி விட்ட மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். அவை தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் எண்ணைச் சந்தேகியுங்கள். 1967 முதல், காரில் சேர்க்கப்பட்ட எல்லா உபகரணங்களையும் பட்டியலிடும் தாள் ஒன்றைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டினார்கள்; அது இன்னும் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. 1974-இல் தொடங்கப்பட்ட நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியில் இந்தக் குறிகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெரிய தொகை கொடுப்பதற்கு முன் அப்படி ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

ஓட்டுவதற்கென்று வாங்குபவர், எஞ்சினின் எண்ணும் காரின் எண்ணும் பொருந்தும் காருக்கு இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எஞ்சின் மாற்றப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்கப்படும், சேஸிஸ் சுத்தமான கார்தான் ஓட்டுபவருக்கு ஏற்றது. இதில் ஒரு தொழில்நுட்ப விஷயத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 427 தன் உறுப்புகளுக்குள்ளேயே சமன் செய்யப்பட்ட எஞ்சின். 454-க்கு, அதிர்வைத் தணிக்கும் முன்புற பேலன்சரும் பின்புறமுள்ள ஃப்ளைவீலும் சேர்ந்துதான் சமநிலை தருகின்றன. ஒன்றின் பேலன்சரை மற்றொன்றில் பொருத்தியிருந்தால் எஞ்சின் அதிர்ந்து, நாளடைவில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

நான்காம் படி: பிரேக்

கார் வீட்டுக்கு வந்ததும் எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன்கள், ஆக மொத்தம் பதினாறு பிஸ்டன்கள் கொண்ட இந்த டிஸ்க் பிரேக், 1965-இல் அமெரிக்கக் கார்களிடையே முன்னோடியாக இருந்தது. அதன் பலவீனம் பிஸ்டன் ஓடும் துளைகளில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கார் ஓடாமல் நிற்கும்போது அந்த ஈரம் வார்ப்பிரும்புத் துளையை அரிக்க, குழிவிழுந்த இடத்தில் சீல் பொருந்தாமல் ஆயில் கசிகிறது. தினமும் ஓடும் காரைவிட, ஷெட்டில் நின்றே கிடக்கும் காரில்தான் இந்தக் கசிவு அதிகம்.

இதற்கு நிலையான தீர்வு, துளைகளைக் கடைந்து துருப்பிடிக்காத எஃகு உறை செருகிய காலிப்பர்களை நான்கு சக்கரத்துக்கும் பொருத்துவதுதான். அதோடு டிஸ்க் நேராகச் சுழல்கிறதா என்பதையும் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். தொழிற்சாலையில் டிஸ்க்கை ஹப்புடன் ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். பின்னாளில் ரிவெட்டை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் மாட்டும்போது, அது சற்றே ஆடிச் சுழலக்கூடும். அந்த ஆட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டினால், டிஸ்க் பிஸ்டன்களைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளி, சீலின் விளிம்பு வழியே காற்றை உள்ளே இழுத்துவிடும். பிரேக் குழாய்களிலிருந்து எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும் பெடல் மறுபடியும் மெத்தென்று இறங்குகிறது என்று புலம்பும் உரிமையாளர்கள் பலர் காலிப்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; காரணம் டிஸ்க்கில் இருக்கும். வேலை முடிந்த பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுமையாக மாற்றுங்கள். பின் டிஸ்க்குக்குள் ஒளிந்திருக்கும் சிறிய ஹேண்ட் பிரேக் ஷூக்களும் துருவேறி இறுகியிருக்கும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே அவற்றையும் புதுப்பித்துவிடலாம்.

அதே நேரத்தில் பின் சக்கர பேரிங்குகளையும் சோதியுங்கள். அவை பின் சக்கரத்தைத் தாங்கும் ட்ரெயிலிங் ஆர்ம் என்ற இரும்புக் கைக்குள் அடைபட்டவை. பிரிக்காமல் கிரீஸ் போட வழியில்லை என்பதால் பல கார்களில் ஐம்பது ஆண்டுக் கிரீஸ் காய்ந்து கிடக்கும். அவற்றைப் பிரிக்கத் தனிக் கருவியும், இடைவெளியை நுணுக்கமாக அமைக்கும் பழக்கமும் வேண்டும். இந்த வேலையை மட்டும், எவ்வளவு கைத்திறன் உள்ளவராயினும், ட்ரெயிலிங் ஆர்மைக் கழற்றிக் கார்வெட் நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவிடுவதே சரி.

ஐந்தாம் படி: வெப்பம், பெட்ரோல், ஆயில்

அகலமான பிக் பிளாக், குறுகிய போனட்டின் அடியில் காற்றுக்குத் திணறுகிறது. அதிலும் மூன்றாம் தலைமுறைக் காருக்கு, ரேடியேட்டருக்கான காற்றில் பெரும்பகுதி பம்பருக்கு அடியிலிருந்துதான் வருகிறது. ஆகவே ரேடியேட்டர் நன்றாக இருந்தும் கார் சூடேறினால், முதலில் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர், ஃபோம் அடைப்புகளைப் பாருங்கள். அவை உதிர்ந்துபோனால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். விசிறியைச் சூழும் கூடும், விசிறியின் கிளட்ச்சும், முன் மூக்கின் அடியிலுள்ள காற்றுத் தடுப்பும் இருந்தாக வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருக்கும் கார், கோடையிலும் ஃபாரன்ஹீட் கணக்கில் 180 முதல் 210 டிகிரிக்குள் நிற்கும்.

இன்றைய அமெரிக்க பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் ஹோஸ்களை உள்ளிருந்து இளக்கும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லா ரப்பர் துண்டுகளையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் உடல் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். இருக்கைக்கு அருகில் எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் எப்போதும் இருக்கட்டும்.

எஞ்சின் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது, துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புப் பொருள் போதிய அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினின் டேப்பெட்டுகள் கேம்ஷாஃப்டின் மேல் உருளாமல் உராய்ந்து நகர்பவை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இந்தப் பொருளைக் குறைத்துத் தயாரிக்கப்படும் இன்றைய சாதாரண கார் ஆயில்கள் அவற்றுக்குப் போதா. பழைய கார்களுக்கென்று விற்கப்படும் ஆயிலை வாங்குங்கள்.

மின்சாரத்தில் கோளாறு வந்தால் முதலில் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பு உடல் கொண்ட காரில் உடலே எர்த் ஆகிவிடும். இதில் ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனி எர்த் வயர் உண்டு. அவற்றின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறுகள் மறையும். மூன்றாம் தலைமுறையில் ஹெட்லைட்டைத் தூக்குவது மின்சாரம் அல்ல, எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல். ஒரு விளக்கு எழுந்து மற்றது படுத்திருந்தால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கிறது.

டயரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: பூத்தடம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், பக்கச் சுவரில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கத் தேதியின்படி பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் தூக்கி எறியுங்கள். கண்காட்சிக்குச் செல்லாத காருக்கு, நார்கள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய பயாஸ் பிளை வகை டயர் வேண்டாம். ரேடியல் டயர் போடுங்கள்.

ஆறாம் படி: ஓட்டுதல்

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுதாக மிதித்து விட்டால் சோக் தன் நிலைக்கு வரும். கிளம்பியதும் ஆயில் அழுத்த முள் ஏறுவதைப் பாருங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிட வேண்டாம். தெருவை விட்டு வெளியேறும் முன், மெதுவாகச் செல்லும்போதே பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். முதல் சில மைல்களுக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றைத் தாண்டாமல் ஓட்டினால், குளிர்ந்த ஆயில் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

390 குதிரைத்திறன் 427-இன் முறுக்குவிசை 3600 சுற்றில் 460 பவுண்டு-அடி. இதன் பொருள், நகரத்தில் 1500 சுற்றிலேயே கார் தேவையான அனைத்தையும் தந்துவிடும் என்பதுதான். கியரைச் சீக்கிரமே மேலே மாற்றி, நான்காம் கியரில் மெல்ல மிதித்து, போனட் சற்றே உயரக் கார் முன்னோக்கித் திரள்வதை உணர்வதே இந்தக் காரின் பேரின்பம். 6000 சுற்றைத் தொடும் இன்பம் சிறிய எஞ்சின் கார்வெட்டுக்கு உரியது. ரிவர்ஸ் போட, கியர் கம்பியின் கழுத்திலுள்ள டி வடிவப் பிடியைத் தூக்க வேண்டும். முன்னோக்கிய நான்கு கியர்களுக்கும், பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் சின்க்ரோமெஷ் உண்டு.

பிக் பிளாக், சிறிய எஞ்சினைவிட ஏறத்தாழ எழுபது கிலோ கூடுதல் கனம், அத்தனையும் முன் சக்கரங்களின் மேல். வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் கார் முதலில் திரும்ப மறுக்கும். பதறி ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் எடை முன்னுக்குச் சாய, பின்புறம் பிடியிழந்து வெளியே வழுக்கும். ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே நேர்கோட்டில் முடித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மிக லேசாக அழுத்திய நிலையிலேயே வளைவைக் கடக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இதில் இல்லை, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கணினி இல்லை, காற்றுப் பை இல்லை. மழை பெய்தால் ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுங்கள். முன்னால் செல்லும் புதிய கார் உங்களைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பதை மனத்தில் வைத்து, இடைவெளியை இரட்டிப்பாக விடுங்கள். இடுப்புப் பட்டை மட்டுமே உள்ள பழைய மாடல்களில் தோள் பட்டையையும் சேர்த்துக்கொள்வதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

பக்கவாட்டு சைலன்சர் கொண்ட காரிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் அதில் படாமல் இறங்கப் பழக வேண்டும். அருகில் வரும் குழந்தைகளையும் எச்சரியுங்கள். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுச் சில நிமிடங்களில் மீண்டும் கிளப்பினால் சண்டித்தனம் செய்யும், ஏனெனில் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஒரே அழுத்தாகத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பெட்ரோல் செலவைப் பொறுத்தவரை, லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள்.

டெட்ராய்ட் புறநகரில் 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் போன்ற ஊர்வலங்களுக்குப் போக ஆசைப்படுபவர்கள், குளிர்விக்கும் அமைப்பை முழுதாகச் சரிசெய்த பிறகே போக வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் சீராக ஓடும் கார்கூட, கோடை வெயிலில் ஊர்ந்து நகரும் வரிசையில் கொதித்துவிடும். முள் ஏறத் தொடங்கினால், நியூட்ரலில் எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உங்களுக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும்.

ஏழாம் படி: காப்பீடும் குளிர்கால ஓய்வும்

சாதாரண காப்பீட்டில், கார் அழிந்தால் தேய்மானம் கழித்த தொகைதான் கிடைக்கும். இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை அப்படியே தரும் பாலிசியைப் பழைய கார்களுக்கென உள்ள நிறுவனங்கள் தருகின்றன, அதையே எடுங்கள். ஆண்டு மைல் வரம்பு, பூட்டிய ஷெட் போன்ற அவற்றின் நிபந்தனைகளைக் கையெழுத்துக்கு முன் படித்துக்கொள்ளுங்கள்.

உப்பு விழும் முதல் நாளுக்கு முன்பே காரை ஷெட்டில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றும் முன் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள்; பழைய ஆயிலில் உள்ள அமிலம் மாதக்கணக்கில் பேரிங்குகளில் நிற்கக் கூடாது. டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி பத்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரிக்கு மெல்லிய சார்ஜரை இணையுங்கள். டயர் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள். சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டியின் வாயையும் எலி புகாதபடி அடைத்து, எதை எங்கே அடைத்தோம் என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் மட்டும் எஞ்சினைக் கிளப்பி அணைப்பது கூடாது. முழுதும் சூடேறாத எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும்.

வசந்தத்தில் மழை பெய்து சாலை உப்பைக் கழுவும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் அடைப்புகளை எடுத்து, பிரேக் ஆயில் மட்டத்தையும் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் கசிவுக்காகப் பார்த்து, டயர் காற்றைச் சரிசெய்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அதன் பிறகே சாவியைத் திருப்புங்கள்.